“எத்தனைக்கு 98?” – மஞ்சக்குப்பம் குழந்தைகள் கிளினிக், ஒரு பழைய நர்ஸின் மதிப்பீடு

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்று குறைந்ததற்குக் காரணம் மாடிப்படி. கைக்குழந்தை, தோள்பை, குடை என்று வரும் தாய்மாருக்கு 22 படி. லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரியான நான் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். கீழே மருந்துக்கடை, மேலே கிளினிக். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. பெயர் போடவில்லை, டாக்டரம்மாவே வேண்டாம் என்றார். ஏன் என்பது போகப் போகத் தெரியும். அக்கம்பக்கத்துக்காரர்கள் படிக்கட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அது என் பொறுப்பல்ல.

நான் 1990-இல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து 2023-இல் ஓய்வு பெற்றவள். பண்ருட்டிக்குத் தெற்கே ஒரு துணை சுகாதார நிலையத்தில்தான் பாதி ஆயுசு போனது. பெரியவர்களுக்கு நர்ஸம்மா, பிள்ளைகளுக்கு ஊசிக்காரம்மா. என் சைக்கிள் மணி கேட்டாலே குதிருக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வணக்கம் சொல்கிறார்கள். ஆகவே ஒரு குழந்தைகள் கிளினிக்கில் ஏசி இருக்கிறதா, நாற்காலி மெத்தென்று இருக்கிறதா என்றெல்லாம் என் கண் பார்க்காது. ஃபிரிட்ஜ் எங்கே என்றுதான் தேடும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பேத்திக்கு இப்போது 17 மாதம். மருமகளுக்குத் தாய்வீடு புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்து அங்கே போனாள், குழந்தை புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. காசநோய்க்கான பிசிஜி, முதல் சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள்காமாலை பி ஊசி எல்லாம் அங்கேயே ஆயிற்று. ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் பாகூரில். மூன்று மாதம் முடிந்து நாங்கள் போய் அழைத்து வந்தோம். 14-ஆவது வாரத்திலிருந்து இந்தக் கிளினிக். பாகூர் ஒன்றும் தூரமில்லை, ஆனால் நடுவில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. தடுப்பூசி அட்டை புதுச்சேரி அட்டை, பிள்ளை கடலூர்ப் பிள்ளை.

ஜூன் மாதம் ஒருநாள் மருமகளின் செல்பேசிக்குக் கிளினிக்கிலிருந்து ஒரு செய்தி: “அன்பான பெற்றோரே, உங்கள் குழந்தைக்கு 6-ஆவது வாரத் தடுப்பூசி நிலுவையில் உள்ளது.” அவள் பதறிப்போய், “அத்தை, ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஆறாவது வார ஊசியாம்!” என்று ஓடி வந்தாள். அட்டையை எடுத்து விரித்தேன். எல்லாம் தேதியோடு ஒழுங்காக இருந்தது. பாகூரில் போட்டது மஞ்சக்குப்பத்துக் கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். சரி, ஒன்றரை வயது ஊசிக்கு எப்படியும் போக வேண்டும், நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினோம்.

காத்திருக்கும் இடத்தில் பளபளவென்று ஒரு ஃபிளெக்ஸ். தங்க நிற முடியோடு ஏதோ ஒரு நாட்டுக் குழந்தை சிரிக்கிறது. பக்கத்தில் கொட்டை எழுத்தில், “எங்கள் கிளினிக்கில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள்: 98%”.

33 வருஷம் மாதக் கடைசியில் இதே கணக்கை எழுதிக் கொடுத்தவளுக்குக் கை அரிக்காதா? வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: “பாப்பா, இந்த 98 எத்தனைக்கு?”

“நூத்துக்கு, ஆண்ட்டி.”

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டாள். “என் பேத்திக்கு ஆறாவது வார ஊசியே போடவில்லை என்று உங்கள் கணினி சொல்கிறதே, அவள் 98-இல் இருக்கிறாளா, மீதி ரெண்டில் இருக்கிறாளா?” என்றேன். அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே டாக்டருக்கும் கேட்டிருக்கிறது. ஊசி போட்டு, பேத்தி அழுது முடித்து, நாங்கள் எழுந்தபோது அவரே, “அம்மா, நீங்க வெளியே கேட்டதை இன்னொரு தடவை கேளுங்க” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இரண்டு நட்சத்திரம் தரலாம். நான் பார்த்த டாக்டர்களில் பாதிப்பேர் இதற்கு முகம் சுளித்திருப்பார்கள்.

அந்த எண் மென்பொருள் தந்த எண். எப்படி வந்தது என்று அவரும் அன்றுதான் தோண்டிப் பார்த்தார். பென்டா என்பது ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் போடும் ஊசி. ஒரு வருஷத்தில் கிளினிக்கில் போட்ட மூன்றாவது பென்டா ஊசிகளை அதே வருஷத்தில் போட்ட முதல் பென்டா ஊசிகளால் வகுத்திருக்கிறது. ஊசிகளின் கணக்கே தவிர பிள்ளைகளின் கணக்கில்லை. இங்கே முதல் ஊசி போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளை ஒன்று. வேறெங்கோ முதல் ஊசி போட்டுக்கொண்டு மூன்றாவதற்கு இங்கே வந்த என் பேத்தி ஒன்று. போனவளும் வந்தவளும் ஒருவரையொருவர் ஈடு கட்டிவிடுவதால் எண் அழகாக வந்துவிடுகிறது. போனவள் அப்புறம் ஊசி போட்டாளா இல்லையா என்று எங்கேயும் இல்லை.

டாக்டரைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஒரு வருஷம் எங்கள் துணை நிலையத்திலிருந்து நானே 104 சதவீதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். அப்போது இத்தனைப் பிள்ளைகள் என்கிற இலக்கு மேலிருந்து வரும். மக்கள்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கி ஒரு எண் போட்டு அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தோமே, மேலே தொகுதி, கீழே பகுதி என்று. பகுதியில் இருந்த பிள்ளைகள் மதிப்பீடு, தொகுதியில் இருந்த ஊசிகள் நிஜம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஊசி போட்டால் நூற்றைத் தாண்டாமல் என்ன செய்யும்? கூட்டத்தில் பாராட்டினார்கள், டீயும் பிஸ்கட்டும் கிடைத்தது. அதே மாதம் ஆற்றோரம் செங்கல் சூளையில் தங்கியிருந்த குடும்பங்களில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஊசிகூட விழவில்லை என்று அடுத்த சுற்றில்தான் கண்டுபிடித்தேன். அவர்கள் எங்கள் கணக்கின் பகுதியிலும் இல்லை, சொந்த ஊர்க் கணக்கின் பகுதியிலும் இல்லை. அந்த 104-ஐ நினைத்தால் டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இதனால்தான் அவ்வப்போது ஆட்களை வீட்டுக்கே அனுப்பிக் கணக்கெடுக்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் 12 முதல் 23 மாதப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அட்டையைப் பார்ப்பார்கள், அட்டை இல்லாவிட்டால் தாய் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் 89.2 சதவீதம். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் 69.7-தான். மாதாமாதம் நூறுக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த 69.7 செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த ஆய்வில் முழுத் தடுப்பூசி என்றால் பிசிஜி, மூன்று பென்டா அல்லது தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான டிபிடி, மூன்று போலியோ, ஒரு தட்டம்மை ஊசி, அவ்வளவுதான். ஒன்றரை வயது ஊசிகள் அதில் சேராது. எண்ணைப் பார்க்கும்போது எதை ‘முழு’ என்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கேட்டார், “நாமே எண்ணிப் பாத்திடலாமா?” ஞாயிற்றுக்கிழமை மாலை கிளினிக் விடுமுறை. வரவேற்புப் பெண், டாக்டர், நான். கீழ்க்கடையிலிருந்து வடையும் டீயும். பெயர்களை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் ஃபைலைத் திறந்து தேதிகளை வாசிப்பாள், நான் நோட்டில் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். 2023 ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்த பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் இரண்டு வயது முடிந்துவிட்டது, ஆகவே “இன்னும் நாள் இருக்கிறது” என்று யாரும் தப்ப முடியாது.

ஃபைல்கள் 87. அதில் ஐந்து இரட்டை. பிறந்தவுடன் வந்தபோது ‘கவிதா பேபி’ என்று ஒரு ஃபைல், பெயர் வைத்த பிறகு இன்னொரு ஃபைல். பழைய ஃபைலில் முதல் ஊசிகள், புதியதில் மீதி. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரண்டுமே அரைகுறை. சேர்த்தால் ஒரு முழுப்பிள்ளை. ஆக 82 பிள்ளைகள்.

அதில் 17 பேர் ஒரே ஒரு தடவை காய்ச்சலுக்கோ பேதிக்கோ வந்து போனவர்கள். இவர்களை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. “இவங்க என் பேஷன்ட்டே இல்லைம்மா, பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வந்தவங்க” என்றார் டாக்டர். அது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு கிளினிக்கும் இப்படித் தள்ளிவிட்டால் இந்தப் பிள்ளை யார் கணக்கில் வரும்? செங்கல் சூளைக் கதையைச் சொன்னேன். கடைசியில் இரண்டு விதமாகவும் எழுதுவோம் என்று முடிவாயிற்று. 17 பேரைத் தள்ளினால் 65.

அந்த 65-இல் ஃபைலை மட்டும் நம்பினால், இரண்டு வயதுக்குள் ஒன்றரை வயது ஊசி வரை எல்லாம் முடித்தவர்கள் 41. அதாவது 63 சதவீதம். 98-லிருந்து 63. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் ஒன்றும் பேசாமல் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான்தான், “பொறுங்க டாக்டர், என் பேத்தியும் உங்க ஃபைல்படி அரைகுறைதானே” என்றேன்.

மீதி 24 வீட்டுக்கும் அடுத்த வாரம் முழுக்கப் போன் போட்டார்கள். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். “எல்லாம் போட்டாச்சும்மா” என்று சொல்லாத தாயை நான் இன்னும் பார்க்கவில்லை. 13 பேர் மீதி ஊசிகளை அரசு நிலையத்தில் புதன்கிழமை போட்டிருந்தார்கள், சிலர் புதுச்சேரியில். ஆக 54. 65-க்கு 54 என்றால் 83 சதவீதம். 17 பேரையும் சேர்த்து 82-க்கு என்றால் 66. நாலு பேரின் எண் வேலை செய்யவில்லை. மீதி ஏழு பேருக்கு நிஜமாகவே பாக்கி.

அந்த ஏழில் ஆறு பேர் ஒன்றரை வயது ஊசியைத்தான் விட்டிருந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒன்பதாம் மாத ஊசி வரைக்கும் தாய்மார் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவார்கள். அப்புறம் பிள்ளை நடக்கும், ஓடும், அம்மா வேலைக்குத் திரும்புவாள், அட்டை பீரோவுக்குள் போய்விடும். ஆனால் தட்டம்மைக்கு, எங்கள் ஊர் வழக்கில் மணல்வாரிக்கு, ஒன்பதாம் மாதத்தில் போடுகிற முதல் ஊசி சுமார் 85 சதவீதம் பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கும். தவறியவர்களைப் பிடிக்கத்தான் ஒன்றரை வயதில் இரண்டாவது. நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டும் விழுந்தால்தான் அது ஊருக்குள் பரவாமல் நிற்கும்.

ஏழாவது பிள்ளையின் அட்டையில் முதல் தட்டம்மை ஊசிக்கு நேரே டிக் இருந்தது. தேதியை எண்ணினால் எட்டு மாதம் பத்து நாள். அப்பா வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது முன்கூட்டியே போட்டுவிட்டார்கள், வேறு ஏதோ ஊரில். ஒன்பது மாதம் நிரம்பாமல் போட்டது கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டும். டிக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பிள்ளை முழுசு. தேதியைப் பார்த்தால் பாக்கி. பென்டாவிலும் இப்படித்தான், இரண்டு ஊசிக்கு நடுவில் 28 நாள் இருக்க வேண்டும். மென்பொருள் இதையெல்லாம் பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. “டாக்டர், ஜே.இ. எங்கே?” என்று கேட்டேன்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல். நெல் வயல் தண்ணீரில் வளரும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரை போன்ற பறவைகளிடமிருந்தும் கொண்டுவந்து பிள்ளைகளைக் கடிக்கும். விருத்தாசலம் பக்கத்து வயல்களில் பல வருஷமாக இதைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எல்லா மாவட்டத்துக்கும் இந்த ஊசி கிடையாது, இந்த நோய் வரும் மாவட்டங்களுக்கு மட்டும்தான், கடலூர் அதில் ஒன்று. ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று, அரசு நிலையத்தில் இலவசம். தனியார் கிளினிக்கில் கேட்டால்தான் உண்டு, இந்தக் கிளினிக்கில் ஸ்டாக்கே இல்லை. எண் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போன். 65-இல் ஜே.இ. இரண்டும் போட்டிருந்த பிள்ளைகள் 29. பாதிகூட இல்லை. சிக்கன்பாக்ஸ் ஊசி, ஃப்ளூ ஊசி, மஞ்சள்காமாலை ஏ என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து எல்லாம் போட்ட வீடுகளில் இந்த இலவச ஊசி இல்லை. அரசு நிலையத்தையே நம்பியிருந்த வீடுகளில் இருந்தது. என் மருமகள் அட்டையை மறுபடி திறந்து பார்த்தாள். பேத்திக்கும் இல்லை! ஒன்பதாம் மாத ஊசியை இந்தக் கிளினிக்கில்தான் போட்டோம். 33 வருஷம் நர்ஸாக இருந்த பாட்டி வீட்டிலேயே இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லை. அட்டையில் ஜே.இ. கட்டம் வெறுமையாக இருந்ததை நான் பார்த்ததே கிடையாது, நிரம்பிய கட்டங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றோம்.

என் தங்கை மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கில், நர்ஸ். அவளிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் 12 மாதம், 24 மாதம், 5 வயது முடிக்கும்போது எத்தனை பேருக்கு ஊசி முடிந்தது என்று எண்ணி வெளியிடுகிறார்கள், 1980-களின் கடைசியிலிருந்தே. அவர்களுக்கு ஒரு சௌகரியம், ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு ஜிபியின் பட்டியலில் இருக்கும். கணக்கின் பகுதி கையில் இருக்கிறது. இங்கே ஒரே பிள்ளைக்கு மூன்று கிளினிக்கில் ஃபைல் இருக்கும், மூன்றிலும் பாதிப் பாதி. ஆனாலும் ஊர் மாறிப் போன பிள்ளை அங்கேயும் பழைய பட்டியலில் தங்கிவிடுமாம், பேய் மாதிரி. 1990-இல் அங்கே ஒப்பந்தம் மாறியபோது பட்டியலில் 90 சதவீதத்துக்கு முடித்தால் டாக்டருக்குப் பெரிய தொகை, 70 தொட்டால் சின்னத் தொகை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று வைத்தார்களாம். நம் டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப 89-ல நிக்கிறவருக்கு எப்படி இருக்கும்!” என்றார். அந்த ஒரு பிள்ளையைத் தேடிப் போவாரா, இல்லை அந்தக் குடும்பத்தைப் பட்டியலிலிருந்தே கழற்றிவிடுவாரா என்று எனக்கும் தோன்றியது. கூலி வைத்தால் எண் ஏறும். பிள்ளைக்கு ஊசி ஏறுமா என்பது ஆளைப் பொறுத்தது.

நம் ஊரில் இதற்கு மருந்தாக வந்திருப்பது யூ-வின் என்கிற அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவேடு. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கினார்கள். பாகூரில் போட்டதும் கடலூரில் தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கிளினிக்கும் அதில் பதிந்திருக்கிறது, ஆனால் கூட்ட நேரத்தில் ஏற்றாமல் ராத்திரி மொத்தமாக ஏற்றுகிறார்கள், சில நாள் மறந்தும் போகிறார்கள். மறக்காத நாள் எத்தனை என்று நான் கேட்கவில்லை. வடைக்கு ஒரு மரியாதை உண்டு.

இப்போது ஃபிரிட்ஜ். ஊசி மருந்துக்கென்றே தனி ஃபிரிட்ஜ், உள்ளே தயிர் டப்பா, தண்ணீர் பாட்டில் எதுவுமில்லை. தெர்மாமீட்டர் இருக்கிறது. காலையும் மாலையும் எழுதின நோட்டு பக்கத்தில் தொங்குகிறது, 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில். எல்லா நாளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதா என்று புரட்டிப் பார்த்தேன். இல்லை, மை மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, ஒரு நாள் காபிக் கறைகூட. நிஜ நோட்டு. இதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. 2011 டிசம்பர் 30, தானே புயல். அந்த மாதம்தான் தமிழ்நாட்டுக்குப் பென்டா வந்திருந்தது, புது மருந்து. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து ரோடெல்லாம் அடைபட்டுக் கிடக்க, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மருந்தை ஐஸ்பேக் அடுக்கிய தடுப்பூசிக் கேரியர் பெட்டியில் போட்டு ஜெனரேட்டர் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனோம். ஐஸ்பேக்கைக் காதருகே ஆட்டி உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகுதான் அடுக்குவோம், இல்லாவிட்டால் பென்டா உறைந்து வீணாகிவிடும். வெயிலில் கெடுவதுபோல் அதிகக் குளிரிலும் மருந்து கெடும் என்று சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. கெட்ட மருந்தைப் போட்டாலும் கணக்கில் ஒரு டிக்தானே விழும்.

மற்ற விஷயங்கள். பார்க்கும் கட்டணம் 300, முதல் தடவை ஃபைலுக்கு 50. வலி குறைந்த ஆறு நோய் ஊசி மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இதே நோய்களுக்கு அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று டாக்டரே வாய்விட்டுச் சொல்கிறார், வற்புறுத்தவில்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள், கிளம்பப் பார்த்தால் அந்தப் பெண் விடுவதில்லை. காத்திருக்கும் இடத்தில் டிவி அலறுகிறது, கார்ட்டூன். கைகழுவும் இடத்தில் சோப்பு இரண்டு தடவையும் காலி. வண்டி நிறுத்த இடம் கிடையாது.

சளி இருக்கிறது என்று ஊசி போடாமல் திருப்பி அனுப்புவதில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் வேறொரு கிளினிக்கில் பேத்திக்கு மூக்கு ஒழுகுகிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள், இரண்டு தடவையும் கட்டணம் வாங்கிக்கொண்டு. லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை. அங்கே சண்டை போட்டுவிட்டுத்தான் இங்கேயே திரும்பி வந்தோம். அந்தக் கிளினிக் சுவரில் நூற்றுக்கு நூறு என்று இருந்தது.

இங்கே போன வாரம் போனபோது ஃபிளெக்ஸ் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை, டாக்டரின் கையெழுத்தில்: “2023 ஜனவரி–மார்ச் பிறந்தவர்கள், எங்களிடம் தொடர்ந்து வருபவர்கள் 65. இரண்டு வயதுக்குள் முடித்தவர்கள் 54. ஜே.இ. 29. பழைய அட்டையைக் கொண்டு வாருங்கள், எங்கே போட்டிருந்தாலும்.” பாக்கி ஏழு பேரில் ஐந்து பேர் வந்து போட்டுக்கொண்டார்களாம். அதைப் பலகையில் ஏற்றவில்லை. இரண்டு வயதுக்கு அப்புறம் போட்டது, சேர்க்கக்கூடாது என்று அந்த வரவேற்புப் பெண்ணே மறுத்துவிட்டாளாம். பெயர் போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் இந்தப் பலகையால்தான். “98 போட்ட கிளினிக்கும் 83 போட்ட கிளினிக்கும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எங்கேம்மா போவாங்க?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

டோக்கன் காலை ஒன்பதரைக்கே கொடுக்கிறார்கள், டாக்டர் பத்தரைக்கு வருவார். மாலை ஐந்திலிருந்து எட்டரை. திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. புதன்கிழமை காலை கூட்டம் குறைவு, ஆனால் அன்றைக்கு அரசு நிலையத்தில் ஊசி நாள். முதலில் அங்கே போய் ஜே.இ. போட்டுக்கொண்டு, அந்த அட்டையோடு இங்கே படியேறுங்கள்.